கை காட்டுச்சி

இல்லை, அம்மாசி மகள் தமிழ்மொழி யாரோடும் ஓடிப்போகவில்லை. எந்தப் போலீசுக்காரனும் அவளை வண்டி வைத்து அழைத்துப் போகவும் இல்லை. அவள் ஊரிலிருந்து கிளம்பிய அன்றைக்குத் தெருவில் நின்றது மாட்டுத் தீவனம் இறக்க வந்த வண்டி. அதைத் தன் கண்ணால் பார்த்த பக்கத்து வீட்டு மலர்விழியே குழாயடியில் போய் வேறு மாதிரி சொன்னால் அதற்கு யார் என்ன செய்வது? பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள் என்கிறாள். நிலக்காரர் ராமசாமி பேரில் கேஸ் போட்டுவிட்டாள் என்கிறாள். போடவில்லை. போட்டிருந்தாலும் அதில் ஒரு தப்பும் கிடையாது. செத்துப்போன அண்ணன் அவளைப் பிடித்து ஆட்டுகிறான், அதனால்தான் வீடு தங்கமாட்டேன் என்கிறாள் என்று இன்னொரு பேச்சு. அந்தப் பேச்சில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மலர்விழி நினைக்கிற மாதிரி உண்மை இல்லை.

முதலில் அவள் படிக்கிற படிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லட்டும். உளவு இல்லை, உளவியல். மனசைப் பற்றிய படிப்பு. சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் போய்ப் படிக்கிறாள். அதிலும் அறிதல் உளவியல் என்று ஒரு பாடம். கண் எப்படிப் பார்க்கிறது, காது எதைக் கேட்கிறது, பார்த்ததை மனசு எப்படி நினைவு வைக்கிறது, எப்படி மறக்கிறது, இதுதான் பாடம். இதில் போலீசு எங்கே வந்தது?

நைனார்பாளையத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற இந்த ஊரில், கரும்பு வெட்டுகிற அம்மாசியைத் தெரியாதவர் கிடையாது. அவருக்கும் இருசம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவன் வீரமணி, சின்னவள் தமிழ்மொழி. காலெடுத்து வைக்கக் கூட சொந்த நிலம் இல்லாத குடும்பம். ராமசாமி வீட்டு நிலத்தில் வேலை இருந்தால் அங்கே போவார்கள், இல்லையென்றால் ஆள் ஏற்றுகிற வேனில் ஏறி எங்கே நடவோ அங்கே போவார்கள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பிள்ளைகளும் ராமசாமி வீட்டைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

வீரமணி செத்தது ராமசாமியின் கிணற்றில். பாறையை வெட்டி இறக்கிய கிணறு. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கற்கள்தான் படிகள். அந்த வருசம் கல்வராயன் மலையில் முன்னதாகவே மழை பிடித்துக்கொண்டு கிணற்றிலெல்லாம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மீசை முளைக்காத வயசு அவனுக்கு. நடுப்பகலில் போனவனைப் பொழுது சாய்ந்துதான் எடுத்தார்கள். குளிக்க இறங்கினான், வழுக்கிவிட்டது, கூட இருந்தது தங்கச்சி ஒருத்திதான் என்று முடிந்துபோனது.

தமிழ்மொழிக்கு அப்போது ஒன்பது வயசு. அவளுக்கு நினைவில் இருப்பது ஒன்றே ஒன்று. அவள் மேலே கரையில் நிற்கிறாள். கீழே பச்சைத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஒரு கை. ஐந்து விரலும் விரிந்த கை அவளைப் பார்த்து அசைகிறது. பிறகு தண்ணீர் மட்டும் இருக்கிறது.

"அண்ணன் கை காட்டுச்சி" என்று சொன்னாள். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

கை காட்டுவது என்றால் என்ன? போய் வருகிறேன் என்றும் கை காட்டலாம், வா என்றும் காட்டலாம், காப்பாற்று என்றும் காட்டலாம். இருசம்மாள் முதல் அர்த்தத்தை எடுத்துக்கொண்டாள். பிள்ளை சிரித்த முகமாய்த் தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறான் என்று அவளுக்கு ஒரு பிடி கிடைத்தது. ஊர் இரண்டாவதை எடுத்துக்கொண்டது. அண்ணன் தங்கச்சியைக் கூப்பிடுகிறான், அவளைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள் என்றது. மூன்றாவது அர்த்தம் தமிழ்மொழிக்கு. அவன் தன்னைக் கூப்பிட்டபோது, விளையாடுகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றோம், ஒரு சத்தம் போட்டிருந்தால் நாற்று பிடுங்குகிற ஆட்கள் ஓடி வந்திருப்பார்கள் என்பது அவளுடைய அர்த்தம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளுக்குக் கைகாட்டி என்று பெயர் வைத்துக் கூப்பிட்டபோது கூடச் சொல்லவில்லை.

வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு இருசம்மாள் மகளை அழைத்துக்கொண்டு கோமுகி அணைக்கரைக்குப் போவாள். படையலைத் தண்ணீரில் விட்டுவிட்டு மகளைப் பக்கத்தில் குந்த வைத்துக்கொள்வாள்.

"சொல்லுடி, இன்னா பண்ணான் எம் புள்ள?"

"கை காட்டுச்சிம்மா."

"எந்தக் கையி?"

"சோத்தாங்கை."

"கைல கருப்புக் கவுறு இருந்திச்சா?"

"இருந்திச்சிம்மா."

"மலையனூர்ல மந்திரிச்சிக் கட்டனேன், அதான். மொகம்?"

"சிரிச்சிச்சிம்மா."

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுவாள். அன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவாள். மகள் சாப்பிட மாட்டாள்.

அந்தக் கை அவளை விட்டபாடில்லை. அது ராத்திரியில் வருகிற சங்கதி இல்லை. பட்டப்பகலில் வரும். டிரம்மில் தண்ணீர் பிடிக்கும்போது வரும். அரிசி களைகிற கழுநீரில் வரும். மழை பெய்து தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டில் குட்டையாய்த் தேங்கி நிற்கிற தண்ணீரைத் தாண்டும்போது, காலுக்குக் கீழே ஐந்து விரலும் விரியும். பஸ்ஸைக் கூட விட்டுவிட்டு நின்றிருக்கிறாள். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகும் பக்கெட் நிறைகிற சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டுதான் தலையில் ஊற்றிக்கொள்வாள். அறைத் தோழி சுபஸ்ரீ, "இன்னாடி இது, சாமி கும்புட்டுக்கினு குளிக்கிற?" என்று கேலி செய்வாள்.

இப்படிப்பட்ட பெண் மனசைப் படிக்கப் போனதில் என்ன ஆச்சரியம்? பல் வலிக்கிறவன் பல் டாக்டரிடம் போவதில்லையா? அவ்வளவுதான்.

ஒருநாள் வகுப்பில் தனசேகரன் சார் ஒரு சின்னப் படம் போட்டுக் காட்டினார். ஒரு சந்தை. வாழைப்பழக் கூடைக்காரி ஒருத்தி வருகிறாள், ஒரு கிழவர் அவள் மேல் இடித்துவிடுகிறார், பழமெல்லாம் கொட்டுகிறது. படம் முடிந்ததும் ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார். பழம் எந்தப் பக்கம் உருண்டது, கூடைக்காரி என்ன நிறச் சேலை, கிழவர் குடையை எந்தக் கையில் பிடித்திருந்தார். அடுத்த வாரம் அதே படத்தைப் பற்றி மறுபடியும் கேட்டார். தமிழ்மொழி எழுதினாள்: இடது கை, கருப்புக் குடை, வளைந்த மரப்பிடி. பிறகு படத்தைத் திரும்பப் போட்டார். கிழவர் கையில் குடையே இல்லை.

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சுபஸ்ரீ, "ஐயோ, எனக்கு அதுல ஒரு கம்பி ஒடஞ்சி தொங்கனது கூட தெரிஞ்சிதே!" என்று பெஞ்சைத் தட்டினாள்.

"நீங்க யாரும் பொய் சொல்லலம்மா" என்றார் சார். "குடை இருந்துச்சான்னு நான் கேக்கல. எந்தக் கைன்னுதான் கேட்டேன். கையைத் தேடும்போது உங்க மனசே குடையைச் செஞ்சி குடுத்துடுச்சி. திரும்பத் திரும்பக் கேட்டா அதுக்குக் கம்பியும் வரும், பிடியும் வரும்."

எந்தக் கையி? தமிழ்மொழிக்கு அம்மாவின் குரல் காதில் விழுந்தது. கோமுகிக் கரைக் காற்று கூட மேலே பட்ட மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அவள் அந்தக் கையைத் தானே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ஒரு விசயம் பிடிபட்டது. ஒன்பது வயசில் வெறும் கைதான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு முடிக்கிறபோது அதில் கருப்புக் கயிறு இருந்தது. வயசுக்கு வந்தபோது சிரித்த முகம் இருந்தது. பத்தாம் வகுப்பில் சட்டைக் காலரில் தையல் விட்டிருந்தது கூடத் தெரிந்தது. காலம் போகப் போக மங்க வேண்டியது, காலம் போகப் போகத் துலங்கிக்கொண்டு வந்திருக்கிறது. அப்படியானால் பார்த்தது எது? செய்தது எது? தான் அண்ணனைச் சாக விட்டவளா இல்லையா? அந்த ஒரு கேள்விதான் அவளுக்கு. மற்றதெல்லாம் பரீட்சைக்கு.

கடைசி வருசத்துக்கு ஒரு ஆய்வு எழுத வேண்டும். ஒரே சம்பவத்தைப் பல பேர் எப்படி நினைவு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு ஆடி மாசத்தில் ஊருக்கு வந்தாள். கிணற்றைப் பற்றிக் கேட்க அவளுக்குத் தைரியம் இல்லை. முன்பொரு வருசம் அம்மன் தேரின் அச்சு முறிந்து தெருவிலேயே நின்றதே, அதைப் பற்றிக் கேட்டாள். பேசுவதைப் பதிவு செய்யப் போனை நடுவில் வைத்துக்கொண்டு வீடு வீடாய்க் கேட்டாள். ஒருவர் வடக்கே சாய்ந்தது என்றார், ஒருவர் தெற்கே என்றார். அந்த வருசம் ஊரிலேயே இல்லாத அய்யனார், தான்தான் முட்டுக்கட்டை போட்டு நிறுத்தியதாகச் சொல்லி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்தே காட்டினார்.

ஊருக்கு முதலில் இது வேடிக்கையாய் இருந்தது. பிறகுதான் டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"அம்மாசி பொண்ணு இன்னா படிக்கிதாம்?"

"ஒளவு ஏதோ."

"ஒளவுன்னா சி.ஐ.டி. தானே? அதான் போன நடுவுல வெச்சிக்கினு கேக்குது. நானு தேர பத்தி ஜாஸ்தி பேசிட்டனே!"

இரண்டே நாளில் அவள் தெருவில் வந்தால் கதவு சாத்துகிற அளவுக்கு வந்துவிட்டது. உளவியல் என்று எழுதியே காட்டினாள். அதிலும் முதல் பாதியைத்தான் படித்தார்கள்.

இந்தப் பேச்சு ராமசாமி வீட்டில் எப்படிப் போய் விழுந்திருக்கும் என்று யோசிக்காமல்தான் அங்கேயும் போனாள். ராமசாமி வயலில் இருந்தார். அவர் மனைவி சின்னப்பொண்ணு களத்தில் மக்காச்சோளத்தைக் காய வைத்துக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் நின்றாள்.

"வருவன்னு தெரியும். எல்லார் வூட்டுக்கும் போய்க்கினு கடசியா இங்க வருவன்னு அவரு கிட்ட சொன்னன்."

"தேர் அச்சு முறிஞ்சிதே, அன்னிக்கி நீங்க இன்னா பார்த்தீங்கன்னு கேக்கலாம்னு வந்தன்மா."

"தேருல ஆரம்பிச்சி கேணியில முடிப்ப. ஒளவு படிச்சவ நேரா கேப்பியா?"

"ஒளவு இல்லம்மா. உளவியல். மனசப் பத்தின படிப்புங்க."

"எம் மனசுல இன்னா கீதுன்னு தெரிஞ்சிக்கத்தான வந்திருக்க? அதுக்குப் பேரு ஒளவு இல்லாம இன்னா?" சின்னப்பொண்ணுக்கு மூச்சு வாங்கியது. "இத பாரு தமிழு, நல்லா கேட்டுக்க. கேஸுன்னு போனா அது நிக்காது. மோட்டார் கொழா அடச்சிக்கிச்சி, எறங்கி எடுடான்னு அவன எறக்கினது எங்கூட்டுக்காரருதான். இல்லன்னு நான் சொல்லல. ஆனா அத எவன் பார்த்தான்? நீயா சாட்சி சொல்லுவ? நீ அங்க எங்க இருந்த? ஒடம்பு நெருப்பா கொதிக்குதுன்னு எங்க மாட்டுக்கொட்டாயில சாக்கு விரிச்சிப் படுத்துக் கெடந்த. நெத்தியில ஈரத்துணி போட்டுக்கினு நான்தான் பக்கத்துல குந்தி இருந்தன். அவன எடுத்து மேல போடற வரைக்கும் நீ கண்ணே தொறக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்ன என்று சின்னப்பொண்ணுக்கே உறைத்தது. சடக்கென்று திரும்பிக் காலால் சோளத்தைத் துழாவத் தொடங்கினாள். தமிழ்மொழி சோளத்துக்கு நடுவில் அப்படியே நின்றாள். பிறகு, "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

வருகிற வழியில்தான் கிணறு. உச்சி வெயில். வேண்டுமென்றே போய்க் கரையில் நின்று எட்டிப் பார்த்தாள். இங்கே நான் நிற்கவே இல்லை, எதையும் பார்க்கவே இல்லை என்று உரக்கச் சொல்லிக்கொண்டாள். பச்சைத் தண்ணீருக்கு மேலே கை வந்தது. கருப்புக் கயிறு வந்தது. ஐந்து விரலும் விரிந்து அவளைப் பார்த்து அசைந்தது. பார்க்கவில்லை என்று தெரிந்ததற்காக அது போய்விடவில்லை. உண்மையாய் நடந்திருந்தால் எப்படித் தெரியுமோ அப்படியே தெரிந்தது. அவள் திரும்பி வேகமாய் நடந்தாள்.

அம்மாசி வேப்பமரத்தடியில் கரும்புத் தோகையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ப்பா, அன்னிக்கி நான் எங்க இருந்தன்?"

என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. கட்டை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கொட்டாயில. ஒன்ன அங்கருந்து தூக்கியாந்தவனே நான்தான்."

"அப்ப கை காட்டுச்சின்னு நான் எப்பிடி சொன்னன்?"

"போலீசுக்காரங்க விசாரிக்க வந்தாங்க. ராமசாமி ஐயா எல்லாரு எதுருலயும் ஒன்னக் கேட்டாரு. நீதானே பாப்பா கூட இருந்த, அண்ணன் குளிக்க எறங்குனான் இல்ல, கை காட்னான் இல்லன்னு. நீ காச்சல்ல தலய ஆட்டன. அப்புறம் நீயே சொல்ல ஆரம்பிச்சிட்ட."

"நீ சும்மா இருந்தியாப்பா?"

"ஒங்கம்மா பச்சத்தண்ணி பல்லுல படல. தெறந்து வுட்டா கேணிக்குத்தான் ஓடுவா. பொம்பளைங்க புடிச்சிப் புடிச்சி வெச்சிருந்தாங்க. நீ கை காட்டுச்சின்னு சொன்னதக் கேட்டுட்டுத்தான் எழுந்து குந்தி கஞ்சி குடிச்சா. அப்புறம் எப்பிடிம்மா நான் இல்லன்னு சொல்றது?"

"எனக்கு?"

அம்மாசி கட்டின் முடிச்சை இழுத்துப் பார்த்தார். "நீ சின்னப் புள்ள. மறந்துடுவன்னு நெனச்சன்."

அவரை என்ன சொல்வது? தமிழ்மொழி கட்டைத் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டாள்.

சின்னப்பொண்ணு பேசியதை யாரோ வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கிறார்கள். ஊருக்குள் அது நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? கேஸ் என்ற பேச்சு அங்கேதான் முளைத்தது. இருசம்மாள் காதுக்கும் போனது. ஆனால் அவள் மகளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வருசம் அமாவாசைக்குக் கோமுகிக் கரையில் மகளைப் பக்கத்தில் குந்தவும் வைக்கவில்லை. படையலை விட்டாள், எழுந்தாள், வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டாள்.

தமிழ்மொழி சிதம்பரம் கிளம்புகிற நாளும் வந்தது. காலையில் அம்மாசி பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார். அப்போதுதான் இருசம்மாள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஒருவாட்டி சொல்லிட்டுப் போடி."

எதை என்று கேட்க வேண்டியதில்லை. அம்மாசி வாசலிலிருந்து மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லிவிடு, ஒரு வார்த்தைதானே என்கிற மாதிரி. தமிழ்மொழிக்கும் அது நாக்கு நுனியில்தான் இருந்தது. இத்தனை வருசம் சொன்ன வார்த்தை. ஆனால் அதை இன்னொரு தடவை சொன்னால் அவள் மறுபடியும் அந்தக் கரையில் போய் நிற்க வேண்டும். அண்ணனைச் சாக விட்டவளாய் நிற்க வேண்டும். நிற்காத இடத்தில் ஒரு ஆயுசு முழுக்க எப்படி நிற்பது?

"யம்மா, நான் பாக்கலம்மா. நான் அங்க இல்லவே இல்ல."

"அப்ப ஆரு பார்த்தது?"

"ஆரும் பாக்கல."

"ஆருமே பாக்கலியா?" இருசம்மாளின் குரல் சின்னக் குழந்தையின் குரல் மாதிரி ஆகிவிட்டது. "எம் புள்ள ஒண்டியாவா போனான்?"

தமிழ்மொழி இதை நினைத்துப் பார்த்திருக்கவில்லை. தன் பாரத்தை இறக்குவதைப் பற்றித்தான் யோசித்திருந்தாள். அது யார் தலையில் இறங்கும் என்று யோசிக்கவில்லை. கிட்டே போய்க் கையைப் பிடித்தாள். இருசம்மாள் உதறினாள்.

"இல்ல. நீ மறந்துட்ட. படிச்சிப் படிச்சி மறந்துட்ட." அவள் கண் எதிர்ச்சுவரில் எதையோ தேடியது. மேலும் கீழும் போனது. பிறகு ஒரு இடத்தில் நின்றது. "நீ பாக்கலன்னா போ. நான் பார்த்தன்."

"யம்மா, அன்னிக்கி நீ களமருதூருக்கு நடவுக்குப் போயிருந்த."

"வந்துட்டன். வேன் சீக்கிரமா வந்துடுச்சி. கேணி மோட்டுல எறங்கி வரேன், கீழ நிக்கிறான். மணின்னு கூப்புட்டன். திரும்பி ஒரு சிரிப்பு சிரிச்சான்."

பொய் சொல்கிறவள் முகம் இல்லை அது. தமிழ்மொழிக்கு அந்த முகம் தெரியும். மரப்பிடி வைத்த கருப்புக் குடையைத் தானும் இந்த முகத்தோடுதான் எழுதியிருப்பாள். இத்தனை நாள் புத்தகத்தில் படித்தது, அவளுடைய அம்மாவுக்குள் அவள் கண் எதிரில் நடந்துகொண்டிருந்தது. இல்லை என்றால் அம்மா இன்னும் இறுக்கிப் பிடிப்பாள். ஆமாம் என்றால் அது நிலைத்துவிடும். வேன் எத்தனை மணிக்கு வந்தது, என்ன சட்டை என்று வாய் தவறி ஒன்று கேட்டாலும் போதும், அதற்கும் பதில் பிறந்துவிடும். அவள் சொல்லக்கூடிய எந்த வார்த்தையும் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் பேசவில்லை. பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனாள் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே தண்ணீர்க் குடத்தோடு பக்கத்து வீட்டு மலர்விழி உள்ளே வந்தாள். அழுதுகொண்டிருந்தவளையும் நின்றுகொண்டிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு இருசம்மாள் பக்கத்தில் குந்தினாள்.

"அப்புறம் இன்னா ஆச்சி சின்னம்மா?" என்றாள்.

இருசம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். குரல் எங்கேயும் தடுமாறவில்லை. தமிழ்மொழி அப்பா கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.